நாலு டம்ளர் தண்ணீர்

தஞ்சாவூர்
21-8-1972

நாத்தனார் அம்சத்துக்கு அண்ணி ரெங்கம்மாள் எழுதுவது. மெட்ராஸில் வெயில் குறைந்ததா, ஹாஸ்டல் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொள்கிறதா? ஊரில் கோவிந்தராசு, மருமகள், பேத்தி, மாடு கன்று எல்லாம் சுகம். உன் அண்ணன்தான் சுகமில்லை.

ஆடிப்பெருக்கு கழிந்த நாலாம் நாள் இரண்டு காலும் வீங்கின. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். பிறகு படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தபடியே மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். குடவாசலில் காட்டினோம், உடனே தஞ்சாவூருக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். பதினான்காம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்த்தது. இருதயம் தளர்ந்துவிட்டது, அதனால் காலில் நீர் கோத்திருக்கிறது என்கிறார்கள். மூத்திரம் போக ஊசி போடுகிறார்கள்.

டாக்டர் மீரா உசேன் நல்ல மாதிரி. ஆனால் அவருக்கு அறுபது கட்டில். ரத்தத்தை எடுத்து ஒரு மெஷினில் தீயில் காட்டினால் அதில் உப்பு எவ்வளவு என்று தெரிகிறதாம். நூற்று முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். இவருக்கு நூற்று இருபத்தாறு. உப்பு குறைவு என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். அதே வாயால், சாப்பாட்டில் ஒரு கல் உப்பு சேர்க்கக்கூடாது, தண்ணீரும் நாளைக்கு நாலு டம்ளருக்கு மேல் தரக்கூடாது என்கிறார்கள். குறைந்துபோனதையே கொடுக்காதே என்றால் எப்படி? கூட வரும் சின்ன டாக்டரிடம் கேட்டேன்.

“எதுவரைக்கும் படிச்சிருக்கீங்கம்மா?” என்றான்.

“அஞ்சாவது. வகுப்புல முதல் மார்க்கு” என்றேன்.

சிரித்தான். “சொன்னதைச் செய்யுங்க, போதும்” என்றான். இனி அவனிடம் எதுவும் கேட்கமாட்டேன். நீதான் நர்சு, ஏன் என்று நீ எழுது.

இன்னொன்று. நம் பத்து மா நிலத்துக்குச் சாகுபடிப் பதிவு விசாரணை அடுத்த மாதம் இருபத்தைந்தாம் தேதி குடவாசலில் இருக்கிறது. நிலத்துக்காரர் நாகேஸ்வரன், உன் அண்ணன் குத்தகைக்காரரே இல்லை, கூலிக்கு உழுதவர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். முப்பத்திரண்டு வருஷம் களத்தில் குத்தகை நெல் அளந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சுதான். எந்த வருஷம் யார் வந்து அளந்தார்கள், எந்த வரப்பை யார் போட்டது என்று சொல்ல உன் அண்ணன் ஒருவரை விட்டால் ஆள் இல்லை. கோவிந்தராசுக்குப் பாதிதான் தெரியும். உப்பு நம்பர் நூற்று முப்பதைத் தாண்டட்டும், வீட்டுக்கு அனுப்புகிறேன் என்கிறார் டாக்டர். இருபத்தைந்தாம் தேதிக்குள் தாண்ட வேண்டும்.

உன் பதிலுக்காக ஆஸ்பத்திரி விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன்.

அண்ணி
ரெங்கம்மாள்


சென்னை
29-8-1972

அண்ணி அவர்களுக்கு அம்சம் வணக்கம். கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கு மூச்சு இப்போது பரவாயில்லையா? நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? என் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

லீவு கேட்டேன், தரவில்லை. வார்டில் ஆள் குறைவு. அக்டோபரில் தலைமை நர்ஸ் வேலைக்குப் பரீட்சை வேறு இருக்கிறது.

ரத்தத்தில் உப்பு குறைவது நல்லதில்லை அண்ணி. எங்கள் வார்டிலும் பார்க்கிறேன், இருதயக்காரர்களில் அந்த நம்பர் குறைந்து வருகிறவர்கள்தான் அதிக நாள் படுத்துக்கிடக்கிறார்கள். சிலர் வீடு திரும்புவதே இல்லை. அதனால் நம்பர் ஏறுகிறதா என்று விடாமல் கேட்டுக்கொண்டிருங்கள். ஏன் குறைகிறது என்பதெல்லாம் பெரிய கணக்கு, கடிதத்தில் எழுதி முடியாது. டாக்டருக்குத் தெரியும்.

அண்ணனிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்
அம்சம்


தஞ்சாவூர்
4-9-1972

அம்சத்துக்கு அண்ணி எழுதுவது. கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. நீ சுகமாக இருப்பது தெரிந்து மனதுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

நீ எழுதியதை உன் அண்ணனிடம் சொல்லவில்லை. வீடு திரும்புவதில்லை என்பதை எந்த வாயால் சொல்வது? நான் மட்டும் இரண்டு தரம் படித்து மடித்து வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பு இல்லை. ஒரு வாய் வாங்கி அப்படியே வைத்துக்கொள்கிறார், உள்ளே இறங்கவில்லை. நாள் முழுக்கத் தாகம் தாகம் என்கிறார். நாலு டம்ளரும் பதினோரு மணிக்குள் முடிந்துவிடும். “மேட்டூரையே தொறந்துவிட்டுட்டான், எனக்கு மட்டும் மடையை அடைச்சு வச்சிருக்கே” என்கிறார். பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம்பரை ஏற்ற நானே ஒரு வழி பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு எதிரில் காளியம்மாள் என்று ஒருத்தி இட்லிக் கடை போட்டிருக்கிறாள், வலங்கைமான் பக்கத்துக்காரி. அவள் அடுப்படியில் எனக்கு ஒரு மூலை கொடுத்திருக்கிறாள். என்ன வழி என்று எழுதவில்லை, எழுதினால் நீ நர்சு மாதிரிப் பேசுவாய். அவர் பிறந்ததிலிருந்து பழகிய ஆகாரம்தான். நேற்று முகம் தெளிந்திருந்தது. “இப்பத்தான் உசிரு வந்துச்சு” என்றார்.

குறுவை அறுப்பு அடுத்த வாரம். கூலி விஷயமாகச் சங்கத்து ஆட்களும் பண்ணைகளும் பேசி முடியவில்லை, ஊரில் போலீஸ் வந்து உட்கார்ந்திருக்கிறது. நம் பத்து மாவைக் கோவிந்தராசு பார்த்துக்கொள்வான்.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணி


சென்னை
9-9-1972

அண்ணி அவர்களுக்கு வணக்கம். நலமாக இருக்கிறேன், அங்கே எல்லாரும் நலமா?

என்ன ஆகாரம்? நாளைக்கு எத்தனை டம்ளர் உள்ளே போகிறது? இப்போது நம்பர் எவ்வளவு? இந்த மூன்றையும் மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள்.

அம்சம்


தஞ்சாவூர்
15-9-1972

அம்சத்துக்கு அண்ணி எழுதுவது. கார்டு வந்தது. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று கண் விழித்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் அண்ணன் இருக்கிறார். அளவாகத்தான் எல்லாம் நடக்கிறது. நம்பருக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

புதன்கிழமை நாகேஸ்வரனுடைய காரியஸ்தர் அனந்தநாராயணன் வந்தார். ஒரு டஜன் ஆரஞ்சு, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். கட்டில் அருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, “என்னப்பா குஞ்சிதபாதம், இப்படிப் படுத்துட்டே” என்றார்.

“படுக்கலீங்க. சாஞ்சிருக்கேன். இருபத்தஞ்சாந் தேதி குடவாசல்ல பாப்போம்” என்றார் உன் அண்ணன்.

“சட்டமெல்லாம் மெட்ராஸ்ல போடுவான். நெல்லு இங்கேன்னா விளையுது. உனக்கு எதுக்கு இந்த அலைச்சல்? கூலிக்குத்தான் உழுதேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடு. நீ இருக்கிற மனையை உன் பேருக்கே எழுதித் தரச் சொல்லியிருக்கார். பிள்ளைக்கு ஆகும்.”

உன் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. நான் ஆரஞ்சுப் பையைத் தூக்கிக் காரியஸ்தர் மடியில் வைத்தேன். “இதுல தண்ணி இருக்குங்க. டாக்டர் கூடாதுன்னுருக்காரு. கொண்டுபோயி உங்க ஐயாகிட்டயே குடுங்க” என்றேன். எழுந்து போய்விட்டார். ஹார்லிக்ஸை மட்டும் மறந்துவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர் பேரனுக்குக் கொடுத்துவிட்டேன்.

நேற்று முதல் உன் அண்ணன் அதிகம் தூங்குகிறார். களைப்பு.

அண்ணி


தந்தி
21-9-1972

அப்பா இன்று காலை காலமானார். உடனே புறப்படவும். கோவிந்தராசு.


ஊர்
14-10-1972

அம்சத்துக்கு அண்ணி எழுதுவது. நீ போய்ச் சேர்ந்த கடிதம் வந்தது. கருமாதி முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். இங்கே எல்லாரும் இருக்கிறோம். மருமகள் வேளைக்குச் சோறு வைக்கிறாள், சாப்பிடுகிறேன்.

நீ விட்டுப்போன சீப்பும் கைக்குட்டையும் பெட்டியில் இருக்கின்றன.

துக்க வீட்டில் உன்னிடம் சொல்ல விட்டுப்போனது ஒன்று. இருபத்தைந்தாம் தேதி விசாரணைக்குக் கோவிந்தராசு மொட்டைத் தலையோடு குடவாசல் போனான் அல்லவா, அன்றைக்குத் தாசில்தார் வரவில்லையாம். வேறு ஏதோ வேலையாகப் போய்விட்டாராம். யாருக்கும் விசாரணை நடக்கவில்லை. நவம்பர் இருபத்திரண்டுக்குத் தள்ளி வைத்துக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள்.

சம்பா நடவு முடிந்தது. மழை இன்னும் பிடிக்கவில்லை.

அண்ணி


சென்னை
5-11-1972

அண்ணி அவர்களுக்கு வணக்கம். எனக்கு ஒன்றும் இல்லை, நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பரீட்சை எழுதிவிட்டேன்.

ஊருக்கு வந்த அன்று தஞ்சாவூரில் இறங்கி வார்டுக்குப் போனேன். உங்களிடம் சொல்லவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பாத்திமா சீட்டை எடுத்துக் காட்டினார். நூற்று இருபத்தாறு, நூற்று இருபத்தொன்று, நூற்றுப் பதினைந்து என்று இறங்கியிருக்கிறது. “நாலு டம்ளர்தான் குடிச்சாருன்னு அம்மா சொன்னாங்க. ஆனா எடை ஏறிக்கிட்டே போச்சு. எங்களுக்கும் ஒண்ணும் புரியல” என்றார்.

பதினாறு நாளும் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கேட்க வாய் வரவில்லை. இப்போது கேட்கிறேன். அது என்ன ஆகாரம் அண்ணி?

அம்சம்


ஊர்
27-11-1972

அம்சத்துக்கு அண்ணி எழுதுவது. எல்லாரும் இருக்கிறோம். மழை விட்டு வெயில் அடிக்கிறது. கட்சி இரண்டானதில் கடைத்தெருவில் கொடிக்கம்பமும் இரண்டாகிவிட்டது, அந்தச் சண்டையில் பஸ் இரண்டு நாள் வரவில்லை. அதனால்தான் கடிதம் தாமதம் என்று எழுதலாம். ஆனால் அதனால் இல்லை.

முதலில் விசாரணை. நானும் போனேன். தாசில்தார் என் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார், கோவிந்தராசு சொன்னான். “காலமாயிட்டாரா? அப்ப சாகுபடி விவரம் யாரு சொல்லுவா?” என்றார். கோவிந்தராசு என் பக்கம் திரும்பினான். “நான் சொல்றேங்க” என்று எழுந்தேன்.

அனந்தநாராயணன், “அடுப்படியில இருக்கிறவளுக்கு வரப்பு என்ன சார் தெரியும்” என்றார்.

“முப்பத்திரண்டு நடவுக்கு நான்தாங்க சேத்துல இறங்கினேன். உங்க ஐயாதான் கரையில குடை புடிச்சுக்கிட்டு நின்னாரு. அவருக்குத்தான் வரப்புத் தெரியாது” என்றேன்.

தாசில்தார் குனிந்துகொண்டார், சிரிப்பை மறைத்தார் என்று நினைக்கிறேன். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். புயல் வருஷம் குத்தகை பாதியாக யார் தள்ளிக்கொடுத்தது, கிழக்கு வரப்பு எந்த வருஷம் போட்டது, மரக்கால் யார் பிடித்தது, எந்தக் களத்தில் அளந்தது, பக்கத்து நிலத்துக்காரர் யார், வடிகால் எந்தப் பக்கம். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒன்றுக்குக்கூட யோசிக்கவில்லை. குமாஸ்தா எழுதிக்கொண்டே வந்தார். மூன்று பக்கம் ஆயிற்று.

பஸ்ஸில் திரும்பும்போது நினைத்துப் பார்த்தேன். இவ்வளவும் எனக்கே தெரிந்திருக்கிறது. உன் அண்ணன் வந்தால்தான் ஆகும் என்று சொன்னது யார்? டாக்டர் சொல்லவில்லை. தாசில்தாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். இருபத்தைந்து இருபத்தைந்து என்று நாள் எண்ணினேன்.

இனி நீ கேட்டது. நீராகாரம். காளியம்மாள் அடுப்படியில் முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் வடித்து, கல்லுப்பு போட்டுக் கரைத்து, தூக்குவாளியில் எடுத்துப் போவேன். நாளைக்கு ஐந்து டம்ளர், ஆஸ்பத்திரித் தண்ணீர் நாலு போக. பாத்திமா ஒரு நாள் தூக்கில் என்ன என்று கேட்டாள். எனக்கு வெந்நீர் என்றேன். நம்பர் நூற்று இருபத்தொன்று என்று சொன்னதும் உப்பு போதவில்லை என்று நினைத்தேன். இன்னும் ஒரு கை சேர்த்தேன். டம்ளர் ஏழாயிற்று. பத்தொன்பதாம் தேதி அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மதகைத் திற, மதகைத் திற என்றார். இருபதாம் தேதியும் கொடுத்தேன். வாயில் ஊற்றினால் விழுங்கினார்.

காளியம்மாள் ஒரு நாள், “டாக்டரு வேணாம்னாராமே, எதுக்கும் கேட்டுட்டுக் குடுங்களேன் அக்கா” என்றாள். “உனக்கு என்னடி தெரியும், என் நாத்தனா மெட்ராஸ்ல நர்சு, நம்பர் ஏறணும்னு அவதான் எழுதியிருக்கா” என்றேன்.

நீ கேட்டாய், நான் எழுதிவிட்டேன். கோவிந்தராசுக்குத் தெரியாது.

அண்ணி


சென்னை
2-1-1973

அண்ணி அவர்களுக்கு அம்சம் வணக்கம்.

ஐந்து வாரமாக இதை எழுதுகிறேன். நலம் விசாரித்து ஆரம்பித்து ஆரம்பித்துக் கிழித்துப் போட்டேன்.

ரத்தத்தில் உப்பு குறையவில்லை அண்ணி. இருதயம் தளர்ந்ததால் வெளியே போக வேண்டிய தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிட்டது. அந்தத் தண்ணீரில் இருந்த உப்பு நீர்த்துப்போய்விட்டது. நம்பர் ஏற வேண்டுமானால் தண்ணீர் வடிய வேண்டும். உப்பு கொடுத்தால் தாகம் எடுக்கும், தண்ணீர் இன்னும் தங்கும். அதனால்தான் இரண்டையும் நிறுத்தினார்கள். இவ்வளவுதான், ஆறு வரி.

ஆகஸ்டில் இந்த ஆறு வரியையும் எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்லண்டில் இடமும் இருந்தது. அண்ணி ஐந்தாவது படித்தவர், இது எங்கே புரியப்போகிறது என்று நினைத்தேன். பெரிய கணக்கு என்று எழுதி ஒட்டிவிட்டேன். பயமுறுத்துகிற பாதியை மட்டும் எழுதினேன். எனக்குச் சிலேட்டில் எழுத்து சொல்லிக்கொடுத்தவர் நீங்கள்.

செப்டம்பரிலும் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கேட்ட மூன்றுக்கும் பதில் எழுதாமல் நீங்கள் ஆரஞ்சுக் கதையை எழுதினீர்கள். திங்கட்கிழமை அந்தக் கடிதம் வந்தது. தூங்குகிறார் என்று வேறு எழுதியிருந்தீர்கள். அது என்ன தூக்கம் என்று எனக்குத் தெரியும். ஒரு தந்தி கொடுத்திருக்கலாம். படித்து முடித்து ஞாயிற்றுக்கிழமை விவரமாக எழுதலாம் என்று புத்தகத்துக்குள் வைத்தேன். வியாழக்கிழமை கோவிந்தராசு தந்தி வந்தது.

எங்கள் பெரிய டாக்டர் சொல்வார், அந்த நம்பர் நோய் இல்லை, இருதயம் எவ்வளவு களைத்திருக்கிறது என்பதற்கு அடையாளம் என்று. சொன்னபடி எல்லாம் செய்தும் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அண்ணனும் அப்படிப் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். அது எனக்குத் தெரியாது.

பரீட்சையில் தேறிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

அம்சம்


ஊர்
11-1-1973

அம்சத்துக்கு அண்ணி எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் இருக்கிறோம். பேத்திக்குச் சளி, இப்போது தேவலை.

மூன்று தரம் படித்தேன். முதல் தரத்திலேயே புரிந்துவிட்டது. மற்ற இரண்டு தரமும் சும்மா படித்தேன்.

காலில் நீர் கோத்திருக்கிறது என்று தெரியும். ரத்தத்திலும் அதே நீர்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வடிகால் அடைத்துக்கொண்டு வயலில் தண்ணீர் நின்றால் பயிர் மஞ்சளாகப் போகும். சத்து இல்லை என்று நினைத்து அதில் எருவைக் கொட்ட மாட்டோம், தண்ணீரையும் பாய்ச்ச மாட்டோம். முதலில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போவோம். அதற்கு ஐந்தாவதுகூட வேண்டாம். வடிய வேண்டும் என்று நீ ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும், அந்தத் தூக்கைச் சாக்கடையில் கவிழ்த்திருப்பேன்.

நானும் மீரா உசேன் டாக்டரிடம் கேட்டிருக்கலாம். தினம் இரண்டு வேளை கட்டிலுக்கு வந்தார். சின்னவன் சிரித்தான் என்று பெரியவரிடமும் கேட்கவில்லை. நீ எழுதாமல் விட்டாய், நான் கேட்காமல் விட்டேன். உன்னைக் கோபித்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் பார்த்தேன். கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

பதிவு நமக்கு ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை உத்தரவு வந்தது. பத்து மாவுக்கும் சாகுபடிதாரர் ரெங்கம்மாள் என்று போட்டிருக்கிறார்கள். வாங்கிக்கொண்டதற்குக் கட்டைவிரலில் மை தடவ வந்தான் தலையாரி. பேனாவைக் கொடு என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். காரியஸ்தர் அப்பீல் போடப்போகிறார் என்று கேள்வி. போடட்டும்.

நீ தேறினதை நான் கோவிந்தராசிடம் சொன்னேன். உன் அண்ணன் இருந்தால் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார்.

இந்த வருஷம் நமக்குப் பொங்கல் இல்லை. தை பத்தாம் தேதிக்கு மேல் அறுப்பு. லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் கடிதம் போடு. எழுதினால் முழுசாக எழுது.

அண்ணி
ரெங்கம்மாள்